அணில் விட்ட பாதி

காவேரிப்பட்டணம் தாண்டிப் போனால் கூழ் ஆலை.
அங்கே எனக்கு வேலை, ஒரு சொட்டு எடுப்பது.
லாரிக்கு ஒரு கூடை, கூடைக்கு ஐந்து பழம்.
ஐந்தையும் பிழிந்து, அதில் ஒரு சொட்டைக்
கண்ணாடிச் சில்லில் வைத்து
வெளிச்சத்துக்குத் தூக்கி
ஒற்றைக் கண்ணால் பார்த்து எண்ணைச் சொல்வேன்.
பதினாலு என்றால் லாரி உள்ளே போகும்.
பன்னிரண்டு என்றால்
டிரைவர் என் பரம்பரையைத் திட்டிவிட்டு
பீடி பற்றவைப்பார்.

மே, ஜூன், ஜூலை.
பெங்களூரா மலையாய்க் குவியும்.
வாசம் தலைமுடியில் ஏறும், ரவிக்கையில் ஏறும்.
பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள்
"பழம் என்ன விலைக்கா வாங்கினே?" என்று
என் மடியைப் பார்ப்பாள்.
மடியில் காலி டிபன் பாக்ஸ்.
ஒன்பது சீசனில்
ஒரு பழம் ஆசையாய்த் தின்றதில்லை நான்.
எண்ணாகிப் போனதை எப்படித் தின்பது?

வீட்டில் ஒரு மரம் உண்டு.
நட்டேன் என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.
குளிக்கிற தண்ணீர் ஓடிப்போகும் மூலையில்
யாரோ சப்பி எறிந்த கொட்டை.
செம்பு நிற இலையோடு அதுவாய் எழுந்தது.
முதல் வருஷம் ஆட்டுக்குட்டி கடித்தது.
அடுத்த வருஷம் திம்மராயன், என் வீட்டுக்காரர்,
பைக்கைப் பின்னால் எடுக்கையில் ஏற்றினார்.
அதற்கும் அடுத்த வருஷம்
என்னைவிட உயரம்.

சந்தூரிலிருந்து ஒட்டுக்கட்டுகிற சென்றாயன் வந்தார்.
இலையைக் கசக்கி மோந்தார்.
"கொட்டைச் செடிங்க இது.
என்ன காய்க்கும்னு அதுக்கே தெரியாது.
தலையை எடுத்துட்டு
செந்தூரா ஏத்தித் தரேன். முன்னூறு குடுங்க."
திம்மராயன் சரி என்றார்.
கத்தி வெளியே வந்துவிட்டது.
"மொதல்ல அதுக்குத் தெரியட்டும்" என்றேன்.
ஏன் சொன்னேனோ.
அன்றைக்கு நாலு லாரியைத் திருப்பி அனுப்பியிருந்தேன்.

பூத்தது, பனியில் கருகியது.
பூத்தது, தத்துப்பூச்சி தின்றது.
பூக்கவேயில்லை ஒரு வருஷம்.
இந்தத் தை மாதம் பூத்து
சித்திரையில் பதினொரு காய்.
எண்ணுவது என் தொழில், தப்பாது.
ஒரு ராத்திரிக் காற்று நாலைத் தள்ளியது;
அவை உப்பு மிளகாயோடு போயின.
எதிர்வீட்டுப் பையன்கள் மூன்று.
சத்தியம் செய்தார்கள் இல்லையென்று,
உதட்டில் பால் சுட்ட தழும்போடு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.
துணியை அலசிக்கொண்டிருக்கிறேன்,
தொப்பென்று முதுகுக்குப் பின்னால்.
பாதியை அணில் தின்றிருந்தது.
மீதிப் பாதியில் மஞ்சள்,
காம்போரம் கொஞ்சம் பச்சை,
உள்ளங்கையில் வெயிலின் சூடு.
கத்தி தேடி உள்ளே போயிருக்கலாம்.
போகவில்லை.
சோப்பு நுரையோடு கையை முந்தானையில் துடைத்து
அணிலின் பல்வரிசைக்கு அந்தப் பக்கம்
என் பல்லை வைத்தேன்.

தோலில் புளிப்பு. அப்புறம் நார்,
நாருக்குள் நார்.
கொட்டையை நெருங்க நெருங்கத்
திடீரென்று ஒரு தித்திப்பு,
பின்னாலேயே கற்பூரம் போல் ஏதோ ஒன்று,
அதற்கு ஆலையில் பெயர் கிடையாது.
சாறு முழங்கைக்கு இறங்கியது, நக்கினேன்.
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
இன்னொரு தரம் நக்கினேன்.
சத்தியமாய்ப் பதினொன்றுகூட வராது இது.
வாசல் கேட்டிலேயே நான் நிறுத்தியிருப்பேன்.

"என்னடி தின்னறே?"
திம்மராயன் லுங்கியை மடித்துக்கொண்டு வந்து நின்றார்.
சதை எல்லாம் முடிந்திருந்தது.
கொட்டையைக் கொடுத்தேன்.
சப்பினார். திருப்பிப் போட்டுச் சப்பினார்.
பிறகு அந்தக் கொட்டையை
வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து
ஒரு கண்ணை மூடி
வெகுநேரம் பார்த்தார் மனுஷன்.
"வண்டியை உள்ளே விடு" என்றார்.

சிரித்ததில் புரைக்கேறி
வாளித் தண்ணீரையே குடித்தேன்.
தலைக்கு மேல் அணில் கத்தத் தொடங்கியது.
மரத்தில் இன்னும் மூன்று இருக்கிறது.
அதற்கும் எண்ணத் தெரியும்.